எரேமியா தன் வழியே போனான்

எரேமியா புத்தகம் 28-ஆம் அதிகாரம். யூதாவின் ராஜாவாகிய சிதேக்கியாவின் நான்காம் வருஷம், ஐந்தாம் மாதம். நம் கணக்கில் கி.மு. 594 அளவில் என்று கொள்ளலாம். எருசலேம் ஆலயத்தில் ஆசாரியர்களும் திரளான ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, பாபிலோன் ராஜாவுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாகக் கழுத்தில் மரநுகத்தோடு நின்ற எரேமியாவுக்கு எதிராகக் கிபியோன் ஊராராகிய அனனியா என்னும் தீர்க்கதரிசி எழுந்து பேசினார். பாபிலோன் ராஜா வாரிக்கொண்டுபோன ஆலயப் பணிமுட்டுகள் இரண்டு வருஷத்துக்குள் திரும்பி வரும், சிறைப்பட்டுப்போன முந்தைய ராஜா எகொனியாவும் அவனோடு போனவர்களும் திரும்பி வருவார்கள், பாபிலோனின் நுகத்தைக் கர்த்தர் முறித்துவிட்டார் என்பது அவருடைய செய்தி. சேனைகளின் கர்த்தர் உரைக்கிறார் என்ற முகவுரையும் அதற்கு இருந்தது.

எரேமியா அதற்கு முதலில் சொன்ன பதில் ஆமென் என்பது. கர்த்தர் அப்படியே செய்வாராக என்றார். பரிகாசமாகச் சொன்னார் என்று சில வியாக்கியானக்காரர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் ஜனங்கள் வீடு திரும்புவதை அவரைவிட அதிகமாக விரும்பியவர் அந்தக் கூட்டத்தில் யாரும் இருந்திருக்க முடியாது. ஆனாலும் ஒரு எச்சரிப்பைச் சேர்த்துக்கொண்டார்: நமக்கு முன்னிருந்த தீர்க்கதரிசிகள் யுத்தத்தையும் பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் குறித்தே பேசினார்கள், சமாதானம் வரும் என்று சொல்லுகிறவனோ, அவன் சொன்னது நிறைவேறும்போதுதான் கர்த்தர் அனுப்பியவன் என்று அறியப்படுவான். அனனியா அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து, எல்லாரும் பார்க்க உடைத்துப்போட்டு, இப்படியே இரண்டு வருஷத்துக்குள் பாபிலோன் ராஜாவின் நுகத்தைக் கர்த்தர் உடைத்துப்போடுவார் என்றார்.

அடுத்த வாக்கியம் இது: "எரேமியா தீர்க்கதரிசி தன் வழியே போனான்." அவ்வளவுதான். மறுப்பு இல்லை, சாபம் இல்லை. ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, தோற்றவரைப் போல அவர் வெளியேறினார். அன்று அந்தப் பிராகாரத்தில் நின்ற ஒருவரிடம் இந்த இருவரில் தைரியமான பிரசங்கி யார் என்று கேட்டிருந்தால், அவர் தயங்காமல் அனனியாவைத்தான் காட்டியிருப்பார். உலகத்தையே நடுங்கவைத்த பாபிலோனை எதிர்த்துப் பேசியவர் அவர்தான். எரேமியாவோ, அந்நிய ராஜாவுக்குக் கழுத்தைக் கொடுங்கள் என்று சொந்த ஜனங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவர்.

அதற்குப் பிறகே கர்த்தருடைய வார்த்தை எரேமியாவுக்கு உண்டாயிற்று என்று அதிகாரம் தொடர்கிறது. நீ மரநுகத்தை உடைத்தாய், அதற்குப் பதிலாக இருப்புநுகத்தை உண்டுபண்ணினாய் என்று அனனியாவிடம் போய்ச் சொல்லும்படி அவர் அனுப்பப்படுகிறார். கர்த்தர் உன்னை அனுப்பவில்லை, இந்த வருஷத்திலே நீ சாவாய் என்றும் சொல்லுகிறார். அனனியா அவ்வருஷம் ஏழாம் மாதத்தில் இறந்துபோனார். நம் மேடைகளில் இந்தக் கடைசிப் பகுதி அடிக்கடி வரும். ஊழியக்காரரை எதிர்த்தவனின் கதியைப் பார் என்று அதைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் எரேமியா பேசாமல் வெளியேறிய அந்த இடைவெளியைக் குறித்துப் பிரசங்கிகளாகிய நாம் பேசுவதில்லை. கொடுக்கப்படாத பதிலைச் சொல்ல மறுத்ததும் கீழ்ப்படிதலே என்பது என் எண்ணம். சொல்லும்படி கொடுக்கப்பட்டபோது வாயைத் திறந்த துணிவும், கொடுக்கப்படாதபோது வாயை மூடிக்கொண்ட துணிவும் அவரிடத்தில் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. "அவர்களோடே நான் பேசாதிருந்தும், அவர்கள் தீர்க்கதரிசனஞ்சொன்னார்கள்" என்று 23-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் குறை சொல்லுகிறவர்கள், பேசப் பயந்த கோழைகள் அல்லர். அவர்கள் ஓடி ஓடிப் பேசியவர்கள்.

நம் தமிழ்ச் சபைகளில் ஒருவரைத் தைரியமான ஊழியக்காரர் என்று நாம் சொல்லும்போது எதை மனதில் வைத்துச் சொல்லுகிறோம்? பெரும்பாலும் குரலை. கன்வென்ஷன் மேடையில் ஒலிபெருக்கி அதிரும்படி, யாரையும் விட்டுவைக்காமல் பேசுகிறவர் என்று நினைக்கிறோம். ஆனால் அவர் விட்டுவைக்காதவர்களின் பட்டியலைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால், அவர்களில் பலர் அந்தப் பந்தலில் இல்லாதவர்களாக இருப்பார்கள். சினிமாக்காரர்கள், வேறு சபைக்காரர்கள், அரசியல்வாதிகள், சிலுவையைக் கழற்றிவிட்ட மேல்நாட்டார். அப்படிப்பட்ட பிரசங்கம் முடிந்ததும், "ஐயா, இன்னைக்கு நல்லாக் குடுத்தீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுகிறவர்களை நான் அறிவேன். யாருக்கோ நன்றாகக் கொடுத்தோம் என்பதே அதன் பொருள். கையைப் பிடித்தவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அனனியாவின் பிரசங்கமும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அவர் கண்டித்த பாபிலோன் நூற்றுக்கணக்கான மைல் தூரத்தில் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அவர் கொடுத்தது அவர்கள் ஏற்கெனவே விரும்பிக்கொண்டிருந்த செய்தி.

எரேமியாவுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளையின் கூர்மை வேறு இடத்தில் இருக்கிறது. சிதேக்கியாவுக்கு முன்பு யூதாவை ஆண்ட யோயாக்கீமின் ஆட்சியின் தொடக்கத்தில், அதாவது கி.மு. 609-ஐ ஒட்டிய காலத்தில், ஆலயப் பிராகாரத்தில் போய் நின்று பேசு என்று அனுப்பப்பட்டபோது, "ஒரு வார்த்தையையும் குறைத்துப்போடாதே" என்று அவரிடம் சொல்லப்பட்டது. பொய் சொல்லாதே என்று சொல்லப்படவில்லை என்பதை நான் பல முறை யோசித்திருக்கிறேன். பொய் சொல்லும் பிரசங்கிகள் குறைவு. நம்மில் அநேகர் செய்கிறது குறைத்துப்போடுவதுதான். வசனத்தின் முதல் பாதியை வாசித்து நிறுத்திவிடுவது, பாவம் என்று பொதுவாகச் சொல்லி அதன் பெயரைச் சொல்லாமல் விடுவது, சபையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் முகம் மாறுகிறது என்று கண்டதும் உதாரணத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவது.

அந்தப் பிராகாரத்தில் எரேமியா குறைக்காமல் சொன்னது என்ன என்பது 7-ஆம் அதிகாரத்தில் விரிவாக இருக்கிறது. கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம் என்று திரும்பத் திரும்பச் சொல்லி, அந்தக் கட்டடமே தங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருந்த ஜனங்களிடம், பரதேசியையும் திக்கற்றவனையும் விதவையையும் ஒடுக்கிக்கொண்டு இங்கே வந்து நிற்கிறீர்கள், இந்த ஆலயம் உங்கள் பார்வைக்குக் கள்ளர் குகையாயிற்றோ என்று கேட்டார். ஒரு காலத்தில் உடன்படிக்கைப் பெட்டி இருந்த சீலோவுக்கு நேரிட்டதே இந்த ஆலயத்துக்கும் நேரிடும் என்றார். ஆலயத்துக்கு வந்தவர்களிடம், ஆலயத்தின் வாசலிலேயே, ஆலயத்தைப் பற்றிப் பேசியதே அந்தப் பிரசங்கத்தின் துணிவு. முதலில் அவரைப் பிடித்தவர்களும் ஆசாரியர்களும் தீர்க்கதரிசிகளும்தான், அதாவது அவருடைய சக ஊழியர்கள். நீ சாகவே சாகவேண்டும் என்றார்கள்.

அரமனையிலிருந்து பிரபுக்கள் வந்து ஆலயத்தின் புதிய வாசலில் உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். எரேமியாவின் வாதத்தில் முக்கியமாக மூன்று காரியங்கள் உண்டு: கர்த்தர் என்னை அனுப்பினார், உங்கள் வழிகளைச் சீர்ப்படுத்துங்கள், நானோ உங்கள் கையில் இருக்கிறேன், உங்கள் பார்வைக்கு நன்மையும் நியாயமுமானதை எனக்குச் செய்யுங்கள். செய்தியில் ஓர் எழுத்தையும் அவர் மாற்றவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் முயலவில்லை. தன் உயிரைப் பற்றிச் சுருக்கமாகப் பேசி முடித்துவிட்டு, கேட்கிறவர்களின் உயிரைப் பற்றி அதிகமாகப் பேசுகிற பிரசங்கியை நாம் அங்கே பார்க்கிறோம். அப்போது தேசத்தின் மூப்பரில் சிலர் எழுந்து, எசேக்கியாவின் நாட்களில் மொரேசா ஊரானாகிய மீகாவும் சீயோன் வயல்வெளியாக உழப்படும் என்று சொல்லியிருந்தானே, ராஜா அவனைக் கொன்றானா என்று நினைவுபடுத்துகிறார்கள். ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கிராமத்துப் பிரசங்கம் மூப்பர்களின் ஞாபகத்தில் சொல் மாறாமல் இருந்திருக்கிறது. மீகாவுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

ஆனால் அதே அதிகாரத்தின் கடைசியில் உரியா என்ற இன்னொரு தீர்க்கதரிசியின் பெயர் வருகிறது. கீரியாத்யாரீம் ஊரார். எரேமியாவின் வார்த்தைகளுக்குச் சரியாக அவரும் தீர்க்கதரிசனம் சொன்னார். யோயாக்கீம் கொல்ல வகைதேடினபோது எகிப்துக்கு ஓடிப்போனார். ராஜா ஆளனுப்பி அவரைப் பிடித்துவரச்செய்து பட்டயத்தால் வெட்டினான். எரேமியாவோ சாப்பானின் குமாரனாகிய அகீக்காமின் சகாயத்தால் தப்பினார். ஒரே செய்தியைச் சொன்னவர்களில் ஒருவர் பிழைத்தார், மற்றவர் செத்தார். வேதம் இந்த வித்தியாசத்துக்கு எந்த விளக்கமும் கொடுக்கவில்லை. தேவன் சொன்னதைச் சொன்னால் தேவன் பாதுகாப்பார் என்று நாம் வாலிபருக்கு எளிதாகப் போதிக்கும்போது, உரியாவின் கல்லறையைத் தாண்டித்தான் அப்படிப் போதிக்கிறோம்.

துணிவைப் பற்றிப் பேசும்போது எரேமியாவின் விருப்பமின்மையையும் சொல்லாமல் விட முடியாது. ஆபத்து நாளை நான் விரும்பவில்லை, நீர் அதை அறிவீர் என்று அவர் ஜெபத்தில் சொல்லுகிறார். இனி அவர் நாமத்தில் பேசமாட்டேன் என்று தீர்மானித்தபோது, அந்த வார்த்தை "என் எலும்புகளில் அடைபட்டு எரிகிற அக்கினியைப்போல்" இருந்தது என்கிறார். கடினமான செய்தியைச் சொல்லப்போகிறோம் என்ற எண்ணத்தில் சனிக்கிழமை இரவே ஒரு பிரசங்கிக்கு உற்சாகம் பிறந்தால், அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று அவர் ஒருமுறை நிதானித்துப் பார்ப்பது நல்லது. மூப்பர் கூட்டத்தில் தோற்ற வாக்குவாதத்தை ஞாயிற்றுக்கிழமை பீடத்திலிருந்து வெல்ல முயல்வதும், ஒரு குடும்பத்தை மனதில் வைத்துப் பெயர் சொல்லாமல் குத்திப் பேசுவதும் நம்மிடையே துணிவு என்ற பெயரில் நடப்பவைதான். பீடத்திலிருந்து பேசுகிறவருக்கு யாரும் எழுந்து பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடியாதவர்களிடம் உரக்கப் பேச எந்தத் துணிவும் தேவையில்லை. நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவின் பாவத்தை உணர்த்தப் போனபோது, ஊர்கூட்டத்தைத் தேடிப் போகவில்லை, தாவீதிடம் போனார்.

வேதத்துக்கு வெளியே எனக்கு இதில் மிகவும் உதவிய பிரசங்கம் 1511-ஆம் வருஷம் டிசம்பர் 21-ஆம் தேதி, கிறிஸ்துவின் வருகைக்கால நான்காம் ஞாயிறன்று, கரீபியன் கடலிலுள்ள ஹிஸ்பானியோலாத் தீவின் சாந்தோ தொமிங்கோ நகரத்தில் செய்யப்பட்டது. பிரசங்கி அந்தோனியோ தெ மொந்தெசினோஸ் என்ற தொமினிக்கன் துறவி. அந்தச் சிறிய துறவிக் கூட்டம் பெத்ரோ தெ கோர்தொபாவின் தலைமையில் அதற்கு முந்தைய வருஷம்தான் தீவுக்கு வந்திருந்தது. அங்கே குடியேறிய ஸ்பானியர்களுக்குத் தீவின் பூர்வ குடிகளான தைனோ மக்கள் கூட்டம் கூட்டமாகப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டிருந்தார்கள். அவர்களிடம் வேலை வாங்கிக்கொள்ளலாம், பதிலுக்கு அவர்களுக்குக் கிறிஸ்தவ விசுவாசத்தைப் போதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தங்கச் சுரங்கங்களிலும் வயல்களிலும் அந்த மக்கள் செத்து விழுந்துகொண்டிருந்தார்கள். போதனை நடந்ததா என்று கேட்கிற நிலையில் யாரும் இல்லை.

அந்தப் பிரசங்கம் எப்படி உருவாயிற்று என்பதே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதே தீவில் வாழ்ந்த பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ் பிற்காலத்தில் எழுதிய வரலாற்றின் வழியாகவே நாம் இதை அறிகிறோம். துறவிகள் எல்லாரும் சேர்ந்து ஜெபித்து, யோசித்து, என்ன பேசுவது என்று முடிவுசெய்து, அதை எழுதி, ஒவ்வொருவரும் கையெழுத்திட்டார்கள். பிறகு, கண்டிப்பாகப் பேசக்கூடியவர் என்று பெயர்பெற்றிருந்த மொந்தெசினோஸை, அதைப் பிரசங்கிக்கும்படி தலைவர் கீழ்ப்படிதலின் பேரில் கட்டளையிட்டார். ஆகவே அவர் பீடத்தில் ஏறியபோது அவர் கையிலிருந்தது அவருடைய ஆத்திரமோ தனித்த அபிப்பிராயமோ அல்ல. கொலம்பஸின் மகனும் தீவின் ஆளுநருமான தியேகோ கொலோனும் அரசாங்க அதிகாரிகளும் கேட்டுக்கொண்டிருக்க, வனாந்தரத்திலே கூப்பிடுகிறவனுடைய சத்தம் நானாயிருக்கிறேன் என்ற வசனத்தை எடுத்து, இந்தத் தீவாகிய வனாந்தரத்தில் கிறிஸ்துவின் சத்தம் நான் என்று தொடங்கினார். நீங்கள் எல்லாரும் சாவான பாவத்தில் இருக்கிறீர்கள், எந்த உரிமையால் இந்த மக்களை இத்தனை கொடுமையான அடிமைத்தனத்தில் வைத்திருக்கிறீர்கள், இவர்கள் மனிதர் அல்லவா, இவர்களுக்குப் பகுத்தறிவுள்ள ஆத்துமா இல்லையா என்று கேட்டார்.

மதிய உணவு முடிந்ததும் அதிகாரிகள் துறவிகள் தங்கியிருந்த குடிசை மடத்துக்குப் போனார்கள். பிரசங்கியைக் கூப்பிடு என்றார்கள். இது எங்கள் எல்லாருடைய பிரசங்கம் என்றார் தலைவர். அடுத்த ஞாயிறு அதைத் திருத்திப் பேச வேண்டும் என்ற கோரிக்கையோடு அவர்கள் திரும்பினார்கள். மறுபடியும் அதைப் பற்றிப் பேசுவார் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. டிசம்பர் 28-ஆம் தேதி கோயில் நிரம்பி வழிந்தது. மொந்தெசினோஸ் யோபு புத்தகம் 36-ஆம் அதிகாரத்தில், தூரத்திலிருந்து தன் அறிவைக் கொண்டுவருவேன் என்று எலிகூ சொல்லுகிற வசனத்தை எடுத்து, போன வாரம் சொன்னதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னார். இந்த மக்களை விடுவிக்காதவர்களுக்கு, வழிப்பறிக்காரர்களுக்கு எப்படிப் பாவமன்னிப்பு கொடுக்கமாட்டோமோ அப்படியே கொடுக்கமாட்டோம் என்றும், யாருக்கு வேண்டுமானாலும் ஸ்பெயினுக்கு எழுதிக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். என்னைப் பொறுத்தவரை முதல் ஞாயிற்றைவிட இரண்டாம் ஞாயிறே பெரியது. முதல் வாரத்தில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. இரண்டாம் வாரத்தில் எல்லாம் தெரியும்.

பிறகு நடந்ததை நாம் வெற்றிக் கதையாக மாற்றிச் சொல்லக்கூடாது. பெர்தினாந்து ராஜா கோபப்பட்டார். குடியேறியவர்களின் சார்பில் பேச ஒரு பிரான்சிஸ்கன் துறவியே ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டார். மொந்தெசினோஸும் அங்கே போய் அரசரின் முன் வழக்கைச் சொன்னார். 1512 டிசம்பரில் புர்கோஸ் நகரில் சட்டங்கள் பிறந்தன. வேலை நேரம், உணவு, கர்ப்பிணிகளின் வேலை முதலியவற்றுக்கு அவை வரம்பு வைத்தன. பங்கீட்டு முறையையோ தொடவில்லை. தைனோ மக்கள் தொடர்ந்து அழிந்தார்கள். லாஸ் காசாஸேகூட, குருவாக இருந்துகொண்டு, அந்த மக்களிடம் வேலை வாங்குகிறவராகத்தான் அப்போது இருந்தார்; 1514-இல்தான் தன் பங்கை விட்டுக்கொடுத்தார். ஆனாலும் அந்தப் பிரசங்கம் வந்திராவிட்டால், அதை நமக்குச் சொல்ல ஒரு லாஸ் காசாஸ் இருந்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகமே.

இப்போது நம்முடைய பீடத்துக்கு வருகிறேன். தைனோ மக்களுக்காக இன்று நான் எவ்வளவு உரக்கப் பேசினாலும் என் சபையில் ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஸ்பானியர்கள் நம் பாபிலோன்; அவ்வளவு தூரம். நம்மிடம் வாங்கிக்கொள்ளப்படும் விலை வேறு வார்த்தைகளில் இருக்கிறது: சாதி, வரதட்சணை, சபைத் தேர்தல். மூன்று ஞாயிறும் திருமண ஓலை வாசிக்கப்படுகிற அதே இடத்திலிருந்து, எத்தனை பவுன், என்ன வண்டி என்று பேசி முடித்த பிறகே அந்த ஓலை எழுதப்பட்டது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தும், அதைக் குறித்து ஒரு வார்த்தை வருவதில்லை. திருமண்டலத் தேர்தல் காலத்தில் எந்தக் குடும்பம் எந்த அணி என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். அந்த மாதங்களில் பிரசங்கங்கள் திடீரென்று பரலோகத்தைப் பற்றி அதிகமாகப் பேசத் தொடங்கிவிடும்.

சாதியைப் பொறுத்தவரை இது நமக்குப் புதிய வழக்கு அல்ல. கல்கத்தா பிஷப் தானியேல் வில்சன் 1833-இல் தென்னிந்திய மிஷன் சபைகளுக்கு எழுதிய கடிதத்தில், சாதி வேற்றுமையைத் தீர்மானமாக, உடனே, அறுதியாக விட்டுவிட வேண்டும் என்று கட்டளையிட்டார். பல தலைமுறைகளாக ஆலயத்தில் தனித்தனி இடங்களில் உட்கார்ந்து, நற்கருணைப் பாத்திரத்தையும் வரிசைப்படி வாங்கிவந்த சபைகள் அவை. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கூட்டமாக வெளியேறினார்கள். கட்டளை எழுதியவர் கல்கத்தாவில் இருந்தார். பின்பு அவரே நேரில் வந்து பேசினார் என்பது உண்மை. ஆனாலும் அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு, அதே தெருவில் வீடு வைத்து, அதே கிணற்றில் தண்ணீர் எடுத்து, அதே ஜனங்களுக்குப் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ வேண்டியிருந்த உபதேசியாரின் பாரம் வேறு. சொல்லும் வார்த்தை ஒன்றாக இருந்தாலும் அதன் விலை, சொல்லுகிறவர் எங்கே குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. வெளியூர்க் கன்வென்ஷனில் சாதியைக் கண்டிக்கிறவர் மறுநாள் ரயில் ஏறிவிடுவார்.

வருஷப் பிறப்பு ஆராதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அனனியா நம்மிடையே வந்து நிற்பது பெரும்பாலும் அந்த நடுராத்திரியில்தான். எரேமியா 29-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனம் வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி அச்சாகிற வசனங்களில் ஒன்று. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தைய பத்தாம் வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை: பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்பே உங்களைத் திரும்பி வரப்பண்ணுவேன் என்கிறது அது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று எழுதப்பட்ட கடிதத்தின் நடுவில் அந்த வாக்குத்தத்தம் இருக்கிறது. அதை வாசித்தவர்களில் முதியோர் வீடு திரும்பாமலேயே இறந்தார்கள். எழுபது வருஷத்தை வெட்டி எடுத்துவிட்டு வாக்குத்தத்தத்தை மட்டும் கையில் கொடுத்தால், நம் கையில் எரேமியாவின் வசனம் இருந்தாலும் நாம் சொல்லுவது அனனியாவின் பிரசங்கம். யோயாக்கீம் குளிர்கால அரமனையில் கணப்பின் முன் உட்கார்ந்து, யெகுதி என்பவன் வாசிக்க வாசிக்க, எரேமியாவின் வார்த்தைகள் எழுதப்பட்ட சுருளை மூன்று நான்கு பத்திகளாகக் கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். நம் கத்தி அதைவிடச் சிறியது. ஆனால் தனக்கு வேண்டாததைத்தான் அதுவும் அறுக்கிறது.

இதற்கெல்லாம் என்ன செய்யலாம் என்று இளம் ஆயர்கள் கேட்கும்போது நான் சொல்லுவது இரண்டே காரியங்கள். சபைப் பஞ்சாங்கத்தில் அந்த ஞாயிறுக்குக் குறிக்கப்பட்ட பாடங்களை விட்டு ஓடாமல் பிரசங்கியுங்கள். ஆமோஸும் யாக்கோபின் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரமும் தாமாக வரும்போது, நீங்கள் யாரையும் குறிவைத்து அந்தப் பகுதியைத் தேடவில்லை என்பது சபைக்கும் உங்களுக்கும் தெரியும், தப்பித்துக்கொள்ளவும் முடியாது. இரண்டாவது, விலையுள்ள ஒரு பிரசங்கத்தை ஞாயிற்றுக்கு முன்பே இரண்டு மூன்று பேரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர்களில் ஒருவராவது உங்களுக்கு ஆமாம் சொல்லிப் பழக்கமில்லாதவராக இருக்கட்டும். சாந்தோ தொமிங்கோவில் ஒரு காகிதத்தில் இருந்த அத்தனை கையெழுத்துக்கும் காரணம் இருந்தது. நம் ஆயர்களோ இடமாற்றத்துக்கும் சபைமன்றத்துக்கும் நடுவில் தனியாக நிற்கிறார்கள். தனியாக நிற்கிறவர் ஒன்று வாயை மூடிக்கொள்ளுவார், அல்லது வெடித்துவிடுவார். இரண்டிலும் வார்த்தை சேதமாகிறது.

எருசலேம் விழுந்த பிறகு, மீந்திருந்த ஜனங்கள் எரேமியாவிடம் வந்து, எகிப்துக்குப் போகலாமா வேண்டாமா என்று எங்களுக்காகக் கர்த்தரிடம் விசாரியும், நன்மையானாலும் தீமையானாலும் கேட்போம் என்று சத்தியம் செய்தார்கள். பட்டணம் எரிந்துபோயிற்று, அவர் நாற்பது வருஷமாகச் சொன்னதெல்லாம் நிறைவேறிவிட்டது. இப்போதாவது அவர் உடனே பதில் சொல்லியிருக்கலாம், அவருடைய அனுபவத்துக்கு அது போதும். பத்து நாள் சென்றபின்பு கர்த்தருடைய வார்த்தை உண்டாயிற்று என்கிறது 42-ஆம் அதிகாரம். அந்தப் பத்து நாளும் பயந்துபோன ஒரு கூட்டம் வாசலில் காத்துக்கொண்டிருக்க, தன்னிடம் இல்லாததைக் கொடுக்க அவர் மறுத்தார். வந்த பதில், போகாதேயுங்கள் என்பது. நீ பொய் சொல்லுகிறாய், உன் எழுத்தன் பாருக் உன்னை ஏவிவிட்டான் என்று சொல்லி அவர்கள் எகிப்துக்குப் புறப்பட்டார்கள், எரேமியாவையும் பாருக்கையும் கூடவே கொண்டுபோனார்கள். அங்கே வானராக்கினி என்ற அந்நிய தெய்வத்துக்குத் தூபங்காட்டிக்கொண்டிருந்த அவர்களிடம் அவர் மறுபடியும் பேசினார். நீ கர்த்தருடைய நாமத்தில் சொன்ன வார்த்தைக்கு நாங்கள் செவிகொடுக்கமாட்டோம் என்று ஆண்களும் பெண்களும் சேர்ந்து முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். எரேமியா அந்தப் பதிலையும் கேட்டுவிட்டு, மீதியிருந்த செய்தியைச் சொல்லத் தொடங்கினார்.